இடுப்பில் ஏறிய மூட்டை

இடுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்போல் இருந்தது. கல் சுமந்தவள், சிமென்ட் சட்டி தூக்கியவள். அப்போதெல்லாம் இப்படி வலித்ததில்லை. சுமை என்றால் இறக்கி வைக்க ஓர் இடம் இருக்கும். இந்தப் பயலை இறக்கினால் கூரை பறக்கும்படி அலறுவான்.

குழந்தைகள் காப்பகத்தில் அவனுக்கு மூட்டை என்று பெயர். மூன்று வயது. காலையில் அவன் அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து ஆயாவான இவள் இடுப்புக்கு மாற்றிவிட்டுப் போவார். மாலையில் அதே இடுப்பிலிருந்து எடுத்துக்கொள்வார். நடுவில் தரை என்று ஒன்று இருப்பதே மூட்டைக்குத் தெரியாது.

இவளுக்கும் ஒரு பெண் உண்டு. நான்கு வயது, செல்லப் பெயர் வாயாடி. ஆனால் ஆயாக்களின் பிள்ளைகளுக்கு இங்கே இடமில்லை. "சொந்தப் பிள்ளை எதிர்ல இருந்தா கை முதல்ல அதுக்குத்தான் போகும்" என்பது முதலாளியம்மாவின் சட்டம். ஆகவே வாயாடி அடுத்த தெருக் காப்பகத்தில் இருந்தாள். சேர்த்ததும், தினமும் கொண்டுவிடுவதும் கூட்டிவருவதும் புருஷன்தான். விடியுமுன் வேலைக்கு ஓடும் இவள் அந்த வாசலை மிதித்ததே இல்லை.

அங்கே திடீரென்று ஃபீஸை ஏற்றினார்கள்.

"ஏனாம்?"

"அங்க ஆயா சம்பளம் ஏத்திக் கேட்டாளாம்," என்றான் புருஷன். "நீயும் கேளு. வாயென்ன வாடகைக்கா எடுத்திருக்க?"

கேட்டாள். முதலாளியம்மா முகத்தைச் சுளித்தார். ஆனால் இவள் போய்விட்டால் மூட்டைக்கு வேறு இடுப்பு கிடையாது. ஏற்றிக் கொடுத்தார். கொடுத்த கையோடு இங்கேயும் ஃபீஸ் ஏறியது.

வீட்டில் ஒரு மாதம் சிரிப்பு. அதற்குள் அடுத்த தெருவில் மறுபடி ஏற்றிவிட்டார்கள்.

"மறுபடி அந்த ஆயாவா?"

"அவளேதான்."

"அவளுக்கென்ன வயிறா, கிணறா?"

இவளும் மறுபடி கேட்டாள். "பெத்தவங்க என்னை உயிரோட தின்னுடுவாங்கடி," என்று புலம்பிக்கொண்டே முதலாளியம்மா ஏற்றினார். ஃபீஸும் ஏறியது. இரண்டு வீட்டார் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். உடனே உதவிக்கு இருந்த இன்னொரு ஆயாவும் நிறுத்தப்பட்டாள். மிச்சப் பிள்ளைகள் எல்லாரும் இவள் தலையில். சம்பளம் அப்படியே அடுத்த தெருவுக்குப் போனது. வலி மட்டும் வீட்டுக்கு வந்தது.

மூன்றாவது தடவை அங்கே ஏற்றியபோது இவளால் கட்ட முடியவில்லை. ஒரு மாத ஃபீஸ் நின்றுபோனது.

இன்று காலை புருஷன் போனில் கத்தினான். "சாயங்காலத்துக்குள்ள பாக்கியக் கட்டலேன்னா நாளையிலேருந்து வாயாடிய அனுப்பக் கூடாதாம்!"

பிள்ளையை விட இடமில்லை என்றால் வேலைக்கு வர முடியாது. வேலை இல்லை என்றால் அடுப்பு இல்லை. முதலாளியம்மாவிடம் முன்பணம் கேட்டாள்.

"நான் எங்கடி போவேன்? மூட்டை வீட்லயே போன மாசம் தரல." சொன்ன சூட்டில் முதலாளியம்மாவும் போனை எடுத்தார். "என்ன சார், சாயங்காலத்துக்குள்ள கட்டுங்க. இல்லேன்னா நாளைக்குப் பிள்ளைய அனுப்பாதீங்க!"

இவள் பிள்ளைகளுக்குச் சோறூட்டித் தூங்கவைத்தாள். பிறகு நேரே முதலாளியம்மா முன்னால் போய் நின்றாள்.

"பத்து நிமிஷம் விடுங்கம்மா. எல்லாத்துக்கும் காரணம் அந்த ஆயாதான். நேர்ல பாத்து நாக்கைப் புடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"சரி. மூட்டைய எறக்கிட்டுப் போ."

"எறங்கினாத்தானே!"

கழுத்தில் முகம் புதைத்துத் தூங்கும் மூட்டையோடு விடுவிடென்று நடந்தாள். தெருமுனையில் எதிரே ஒருத்தி அதே வேகத்தில் வந்தாள். தோளில் ஒரு குழந்தை. வெயிலுக்குத் துண்டு போட்டு மூடியிருந்தாள். அவளும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள். இருவரும் முட்டிக்கொள்ளாத குறை.

"வழி விடுங்கக்கா," என்றாள் அவள் மூச்சுவாங்க. "அவசரமா ஒருத்தியக் கிழிக்கப் போறேன்."

"நானும் அதுக்குத்தாம்மா போறேன். நீ முதல்ல நகரு."

சண்டைக் குரல் கேட்டதும் துண்டு விலகியது. உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அம்மா!" என்று கூவினாள் வாயாடி.

அந்தக் கூச்சலில் மூட்டை கண்ணைத் திறந்தான். எதிரே நின்றவளைப் பார்த்தான். "அம்மா!" என்று அலறி, பிறந்ததிலிருந்து பார்க்காத தரையில் தானாகவே வழுக்கி இறங்கி, ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

வாயாடி தாவி இவள் இடுப்பில் ஏறிக்கொண்டாள். வலித்தது. ஆனால் இது வேறு வலி.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண்தான் மூட்டையைத் தூக்கிக்கொண்டே மெல்லக் கேட்டாள்:

"அப்ப, என் சம்பளம் ஏறினதுல நீங்க எங்க காப்பகத்துல ஒரு மாசம் பாக்கி, உங்க சம்பளம் ஏறினதுல நான் உங்க காப்பகத்துல ஒரு மாசம் பாக்கியாக்கா?"