டார்லாவின் கட்டுரையும் என் பெயரில் ஒரு சமையல் குறிப்பும்

எல்ம் லேக், மினசோட்டா
பிப்ரவரி மாதம், பனி இன்னும் விட்டபாடில்லை

அன்புள்ள மார்லிஸ் அக்காவுக்கு, தம்பி ஆர்வில் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பூனையும் ஏதோ இருக்கிறோம். உன் இடுப்பு வலி இப்போது தேவலை என்று நம்புகிறேன்.

சர்ச் சமையல் புத்தகத்தின் புதுப் பதிப்புக்கு என் பெயரில் ஒரு குறிப்பு வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறாய். பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை அக்கா, கல்லூரியில் என்னைப் பிழிந்து காயப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பருவத்திலும் எழுத்துத் திருட்டு பற்றி ஒரு வகுப்பு எடுப்பேன். அடுத்தவர் வரியை எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள், சொந்த வார்த்தையில் மாற்றி எழுதினாலும் கருத்து யாருடையதோ அவர் பெயரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தொண்டை கட்டும்வரை சொல்வேன். எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த முறை ஒரே ஒருத்தி காது கொடுத்துக் கேட்டாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் பெயர் டார்லா ஹெட்லண்ட். ஐம்பதைத் தாண்டியவள். பாதி ஆயுளை வான்கோழி இறைச்சித் தொழிற்சாலையில் கழித்துவிட்டு நர்ஸ் படிப்பில் சேர வந்திருக்கிறாள். என் பாடத்தில் தேறினால்தான் அவளுக்கு இடம். சர்க்கரை நோயாளிகளின் கால் பராமரிப்பு பற்றிக் கட்டுரை கொடுத்தாள். பார்த்தால் ஒவ்வொரு வரியும் மேற்கோள் குறிக்குள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். முக்கால்வாசி மருத்துவப் புத்தகங்கள், அது சரி. "வெறுங்காலோடு நடக்கக் கூடாது" என்பதற்குக் கீழே "என் மாமியார் ஐரின், கொல்லைப்புறம்." "காலுறை நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்" என்பதற்கு "வெண்டல், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்." உன் சமையல் புத்தகத்தில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கீழே கொடுத்தவள் பெயர் இருக்குமே, அதே மாதிரி. அதில் ஒரு பெயர் விட்டுப்போனால் நம் ஊரில் எத்தனை வீடுகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும் என்று உனக்கே தெரியும்.

கல்லூரியின் மென்பொருளுக்கு மேற்கோள் குறியெல்லாம் கணக்கில்லை. எண்பது சதவீதம் பிறர் எழுத்து என்று சொல்லிவிட்டது. அவ்வளவு வந்தால் விஷயம் தானாக விசாரணைக் குழுவுக்குப் போய்விடும். அங்கே திருட்டு என்று முடிவானால் நர்ஸ் படிப்பை அவள் மறந்துவிட வேண்டியதுதான். நானும் போய் உட்கார்ந்தேன். குழுத் தலைவர் பிரெஸ்காட் கட்டுரையைப் புரட்டினார்.

"இதுல உங்க வரி எது, மிஸஸ் ஹெட்லண்ட்?"

"ஒண்ணும் இல்லீங்க. நானும் தேடிப் பாத்துட்டேன். எல்லாம் யாராவது சொல்லித்தான் தெரியும். அதான் பேர் போட்டேன். சார்தான் போடச் சொன்னாரு."

பிரெஸ்காட் என் பக்கம் திரும்பினார். "ஏன் ஆர்வில், இப்படியா மிரட்டி வைப்பீங்க?"

திருட்டு என்றால் மறைப்பது, இவள் எதையும் மறைக்கவில்லை என்று நான் வாதாடினேன். ஆனால் இவள் என்ன நினைக்கிறாள் என்பதும் அதில் இல்லையே. வகுப்பில் அவள் எப்போதோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. "உங்க வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதானே?" என்று அவளிடம் கேட்டேன்.

"ஆமா சார். நான்தான் தெனமும் கால் கழுவி விடுறேன். அந்த மனுஷன் வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. வலிச்சா மீன் புடிக்கப் போற கதைய ஆரம்பிப்பாரு. அப்பவே விளக்கப் பக்கத்துல இழுத்து நல்லாப் பாப்பேன்."

"இது யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நான் பாத்தது."

"அத எழுதுங்க."

பேனாவை எடுத்தாள். "அதுக்குக் கீழ யார் பேரு போடறது, சார்?"

"மேலதான் உங்க பேரு இருக்கே."

பிரெஸ்காட் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். திருத்தி எழுத ஒரு வாரம் கொடுத்தார்கள். எழுதினாள், தேறினாள், நேற்று நர்ஸ் படிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கு அடுத்த விசாரணை. திருடி எழுதியதற்குத் தண்டனையாக "திருடி எழுதுவது ஏன் தவறு" என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்த ஒருத்தி, அதையும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறாள்.

ஆகையால் அக்கா, என்னை விட்டுவிடு. எனக்குச் சொந்தமாகச் செய்யத் தெரிந்தது வெந்நீர் ஒன்றுதான். அடுத்தவர் சமையலுக்குக் கீழே என் பெயரைப் போட்டுக்கொள்ள இந்த ஜென்மத்தில் சம்மதிக்க மாட்டேன். உன் பெயரில் அச்சான, புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக், மாவுப் பையின் பின்புறத்தில் இருந்தது என்பதையும் நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அத்தானுக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசிகள். கர்த்தர் உன் இடுப்பைக் கவனித்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
களைத்துப்போன தம்பி,
ஆர்வில்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டார்லா வந்து, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு நிறையக் கொடுத்துவிட்டுப் போனாள். நின்றபடியே பாதியைத் தின்றுவிட்டேன். செய்முறைச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே ஏழு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. புத்தகத்தில் அவ்வளவுக்கு இடம் இருக்காது. அதையெல்லாம் எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுவிடு.