மூளை எந்தக் கையில்?

பல் துலக்கும் பிரஷ் மூக்குக்குள் போனபோதே தையற்காரர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இடது கையால் வேலை செய்தால் மூளையில் தூங்குகிற பாதி விழித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தார். தூங்குவது பாதிதானா என்பதில் அவருக்கே சந்தேகம்.

எல்லாம் மேல்வீட்டு வாத்தியாரால் வந்தது. ஞாயிறுதோறும் இவர் வீட்டுக்குச் சதுரங்கம் ஆட வருவார். காய் நகர்த்துவது இடது கை. டீ குடிப்பதும் அதே கை. ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

"இந்த வாரம் நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்பா," என்றாள் மகள்.

"ஏம்மா சொன்னே?"

"இடது கை மூளை வந்துடுச்சுன்னு நீங்கதானே பீத்திக்கிட்டீங்க!"

பிள்ளை தலைகுனியக் கூடாதே! பயிற்சி தீவிரமாயிற்று. இடது கைச் சவரத்தில் பாதி மீசை போனது. மீதியையும் வழித்தார். கடைக்கு வந்த வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத் தைக்கிற மீசைக்காரர் கடையில இல்லையா? அப்புறம் வரேன்," என்று திரும்பினார்.

தையற்காரர் ஓடிப்போய் அழைத்து வந்து, தைத்த சட்டையைக் கொடுத்தார். இடது கையால் வெட்டிய சட்டை.

"என்னய்யா, பட்டன் பொம்பளைங்க சட்டை மாதிரி அந்தப் பக்கம் இருக்கு?"

"அப்ப உங்க வீட்டம்மாவுக்குக் குடுத்துடுங்க."

"அவளுக்குக் குடுத்துட்டு நான் சட்டையில்லாம திரியறதா?"

தையற்காரர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மூளையைத் தேடறது தப்பில்லைங்க. கடையை மூடறதுக்குள்ள கண்டுபிடிச்சிடுங்க."

ஞாயிறு வந்தது. மகள் பக்கத்தில் நின்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள். இரண்டு கைகளைக் கொடுத்த கடவுள், மூளையை எந்தக் கைக்கு எழுதிவைத்தார் என்று மட்டும் சொல்லவில்லை. தையற்காரர் இடது கையையே நம்பினார். வாத்தியாரின் ராணியைப் பிடிக்கப் பாய்ந்த அந்தக் கை, போகிற வழியில் சொந்த ராஜாவைத் தட்டிவிட்டது. ராஜா மேசைக்கடியில் உருண்டு ஓடினார்.

"என் ஆட்டத்தைப் பார்த்து ராஜாவே தப்பிச்சு ஓடிட்டாரு," என்று தையற்காரர் அசடு வழியச் சிரித்தார். "வாத்தியாரே, உங்களுக்கு மட்டும் இடது கையில எப்படிங்க மூளை வேலை செய்யுது?"

வாத்தியார் நெளிந்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. வழக்கமா ஆடறதுதான். விடுங்க."

ராஜாவை எடுக்கக் குனிந்த மகள், கீழேயிருந்தே கத்தினாள்:

"அப்பா! வாத்தியார் மாமா இடது கைக்காரரே இல்ல! நம்ம மேசைக்கு ஒரு கால் குட்டை. காய் விழாம இருக்க வலது கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு!"