நானூறு தட்டுக்கும் பொட்டு

ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் விடமாட்டேன். அது நல்ல குணம் என்று இருபத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய், நகரத்துப் பெரிய நூலகம் ஒன்றின் இசை, திரைப்படப் பிரிவில் தற்காலிக உதவியாளராக இருந்தேன். பிரிவுத் தலைவர் நல்லபடியாக அறிக்கை எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீட்டில் என் ஜாதகத்தைத் தூசி தட்டி எடுத்துவிடுவார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், "மெஷினுக்கெல்லாம் பொட்டு வெச்சிட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டுத் தலைவர் கிளம்பினார். மெஷினோடு விட நான் என்ன சாமானியப்பட்டவளா? நானூறு இசைத்தட்டுகளையும் உறையிலிருந்து உருவினேன்.

பம்மலிலிருந்து வரும் அட்டெண்டர் ஏழுமலை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னாம்மா இது பேஜாரு? கவர் மேல வெச்சா ஆவாதா?"

"கவரா அண்ணா பாடுது? தட்டுதானே பாடுது" என்றேன். (எப்பேர்ப்பட்ட ஞானம் பாருங்கள்.) பாரபட்சம் கூடாதென்று இரண்டு பக்கமும் குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். படச்சுருள் டப்பாக்களின் மூடி திறக்க வரவில்லை, படங்கள் பிழைத்தன.

விடுமுறை முடிந்த அன்று, ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார் ஒருவர் ஒரு கச்சேரித் தட்டைக் கேட்க வந்தார். தலைவரே ஊசியை வைத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்'. வாத்தியார் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "மிருதங்கத்தோட கூட யாரு சார் தட்டறது?" என்றார்.

தலைவர் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு அடுத்ததை. அதற்கும் அடுத்ததை.

"உங்க வீட்டு கிரைண்டர்னு நெனச்சிட்டியாம்மா?" குரலை அவர் உயர்த்தவே இல்லை. "எல்லாத்தையும் துடை. துடைச்சதை ரெண்டு பக்கமும் முழுசாப் போட்டுக் கேளு. ஒரு தட்டுல 'டக்'னு கேட்டாலும் உனக்கு ரிப்போர்ட் கிடையாது."

பஞ்சும் தண்ணீருமாக உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு நாலு தட்டு, மிஞ்சிப்போனால் ஐந்து. அழுகை வந்தது, அழுதுகொண்டே துடைத்தேன். பங்குனி வெயில் தொடங்கியபோது கடைசித் தட்டு ஒரு 'டக்' கூட இல்லாமல் ஓடி முடிந்தது.

அறிக்கையில் தலைவர் எழுதியிருந்தார்: 'இப்பிரிவின் இசைத்தட்டுகள் அனைத்தையும் முழுமையாகக் கேட்டவர் இவர் ஒருவரே.' வேலை நிரந்தரமானது.

போன வருஷம், புதிதாகக் கல்யாணமான என் மகள் முதல் ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். நான் சந்தனம் குழைக்க உட்கார்ந்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது: "ஏங்க, அம்மா கிண்ணத்தை எடுத்துட்டாங்க. உங்க லேப்டாப்பை பீரோல வெச்சுப் பூட்டிடுங்க."