புடவைக்குத்தான் வாங்கினேன்

கல்லூரியில் ரசாயனம் கற்பித்தவனுக்கு வாசனையைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் நினைக்கும். ஊர் நினைத்தால் பரவாயில்லை. நானே நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் கல்யாணத்தில் அது வினையாக முடிந்தது.

காயத்ரிக்குக் கூறைப் புடவையைத் தேர்ந்தெடுத்தவள் மாப்பிள்ளையின் அம்மா. அரக்குச் சிவப்பு, ஒன்பது கெஜம். எங்கள் கரமனை வீட்டுக் கூடத்தில் அதை விரித்துக் காட்டி, "இதைக் கட்டிண்டு பொண்ணு மணையிலே ஒக்காந்தா மண்டபமே திரும்பிப் பாக்கணுமாக்கும், கேட்டேளா?" என்று சொல்லிவிட்டுப் போனாள். சம்பந்தி மாமி சிரிக்காமல் பேசுகிற ரகம். சொன்னது ஆசையா உத்தரவா என்று எனக்குப் பிடிபடவில்லை.

முந்தானைக்குக் குஞ்சம் கட்டி வாங்கி வருவது என் பொறுப்பு. திரும்பும் வழியில் ஆரியசாலைக் கடைத்தெரு. சமையல்காரர் பெருங்காயம் கேட்டிருந்தது ஞாபகம் வர, மொத்தக் கடையில் இறங்கி, மெத்தென்று பிசின்போல் இருந்த கட்டிப் பெருங்காயம் ஒரு கிலோ வாங்கினேன். வெளியே கொட்டும் மழை. புடவை நனையக் கூடாதே என்று இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி முடிந்தேன். கல்யாண வீட்டில் கண்டவர் கை படக் கூடாதே என்று பையை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பூணூலில் கட்டிக்கொண்டேன். (இவ்வளவு ஜாக்கிரதையாக ஒரு காரியத்தைக் கெடுத்தவன் எங்கள் தெருவில் வேறு யாரும் இல்லை.)

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை சமையல்காரர் பெருங்காயத்துக்கு ஆள் அனுப்பிய பிறகுதான் பீரோவைத் திறந்தேன். கொல்லையில் இருந்த என் மனைவி விசாலம் குரல் கொடுத்தாள்.

"ஏன்னா, அங்கே யாரு ரசம் வெக்கறா?"

"யாரும் வெக்கலை."

"பின்னே?"

அவள் வந்து பார்த்து, "பகவானே, கூறைப் புடவை!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். காயத்ரி ஒருமுறை முகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"இதைக் கட்டிண்டு நான் எப்படிப்பா ஒக்காருவேன்? மாமி என்ன நெனைப்பா?"

"அழாதே. நான் கெமிஸ்ட்ரி வாத்தியாராக்கும். சாயங்காலத்துக்குள்ளே எடுத்துடறேன்."

பட்டை நனைக்கக் கூடாது. வெயிலில் போடலாம் என்றால் வெயில் இல்லை. கொடியில் போட்டு மின்விசிறியைச் சுழலவிட்டேன். வாசனை பக்கத்து வீடு வரை போயிற்று, புடவையை விட்டுப் போகவில்லை. மடிப்புக்குள் சோடா உப்பு முடிச்சு வைத்தேன். சுற்றிலும் கிண்ணங்களில் காப்பிப்பொடி வைத்தேன். ரசத்தில் காப்பியைக் கொட்டினாற்போல் ஆயிற்று. சாம்பிராணி போட்டேன். அதன்பின் புடவை கோவில் மடைப்பள்ளி மாதிரி மணத்தது.

கடைசியில் செல்போனில் தேடினேன். துவைக்க முடியாத நாடக உடைகள்மேல் வோட்கா தெளித்தால் நாற்றம் போய்விடும் என்று யாரோ எழுதியிருந்தார். எத்தனால்! எனக்குள் இருந்த பேராசிரியர் எழுந்து நின்றார். (மருந்துக் கடையில் ஸ்பிரிட் கிடைக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.)

நெற்றி நிறைய விபூதி, கையில் குடை, அரசு மதுக்கடை வரிசையில் நான். என் முறை வந்தது.

"ஏதா வேண்டது, சாமி?" எது வேண்டும் என்று மலையாளத்தில் கேட்டார் கடைக்காரர்.

"வோட்கா. மணமே இல்லாததா இருக்கணும்."

பின்னால் நின்றவர் என் தோளைத் தட்டி, "வீட்டில் அறியண்டா, அல்லே சாமி?" என்றார். (வீட்டுக்குத் தெரிய வேண்டாம், இல்லையா என்று பரிவாகக் கேட்டார்.)

புட்டியோடு திரும்பினேன். அவருக்கும் பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சம்பந்தி. மாப்பிள்ளையின் அப்பாவேதான்.

"புடவைக்குத்தான் வாங்கினேன்" என்றேன்.

அவர் புட்டியைப் பார்த்தார். என் விபூதியைப் பார்த்தார்.

"நானும் புடவைக்குத்தான், சம்பந்தி" என்றார் தாழ்ந்த குரலில். "மாமிகிட்டே மட்டும் சொல்லிடாதேங்கோ."

வீட்டுக்கு வந்து, செடிக்கு மருந்தடிக்கப் புதிதாக வாங்கி வைத்திருந்த பம்பில் ஊற்றிப் புடவை முழுக்கத் தெளித்தேன். காய்ந்ததும் மூவரும் முகர்ந்தோம். ஒன்றுமே இல்லை! காயத்ரி சிரித்தாள். (பொழுதெல்லாம் பெருங்காயம் முகர்ந்த மூன்று மூக்குகளும் செத்துப்போயிருந்ததை வாத்தியார் யோசித்திருக்க வேண்டும்.)

மறுநாள் முகூர்த்தம். காயத்ரி கூறைப் புடவையில் அக்கினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஹோமச் சூடு பட்டதும் புடவைக்குள் உறங்கிய பெருங்காயம் கண் விழித்தது. முன் வரிசையில் ஒருவர் மூக்கைத் தூக்கினார்.

"ரசம் வந்தாச்சு போலிருக்கே!"

"அப்போ முதல் பந்தி போட்டுட்டாளா?"

அவ்வளவுதான். நாற்காலிகள் நகர்ந்தன. மாமி சொன்னபடி மண்டபமே திரும்பிப் பார்த்தது, சாப்பாட்டுக் கூடத்தை. அங்கே இலைகூடப் போடவில்லை. கெட்டிமேளம் கொட்டியபோது அட்சதை போட வீட்டு மனிதர்கள் மட்டும்தான் மிஞ்சினோம். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை விட முடியாமல், சாப்பாட்டுக் கூட வாசலைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

மாமி குனிந்து மாட்டுப்பெண்ணை ஒருமுறை முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பை, பீரோ, சாம்பிராணி, வோட்கா எல்லாவற்றையும் அங்கேயே ஒப்பித்தேன். சம்பந்தியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் மண்டபக் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பெண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, மாமி. பெசகினது நானாக்கும்" என்றேன்.

"பெருங்காயம் செரி, மாமா. நம்பறேன்" என்றாள் மாமி. "வோட்கா புடவைக்குன்னேளே, அதை நம்ப வேற ஆளைப் பாருங்கோ."

சொல்லிவிட்டு அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். காயத்ரியின் தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாளோ என்று பயந்து குனிந்து பார்த்தேன். இல்லை.

அன்று முதல் இரண்டு குடும்பத்திலும் யார் எதை ஒளித்துக் கொண்டுவந்தாலும், "என்ன, புடவைக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். கழக்கூட்டம் கணினிப் பூங்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, காயத்ரி பண்டிகைக்குக் கூறையைக் கட்டினால், "இலை போடலாமா?" என்கிறார்.

நான் தெளித்தது உண்மை என்று நிரூபிக்க, மீதி வோட்காவைப் புட்டியோடு அதே பீரோவில் சாட்சியாகப் பூட்டி வைத்தேன். சம்பந்தி வந்து போகும்போதெல்லாம் சாட்சி குறைந்துகொண்டே வருகிறது. சாவியைப் பூணூலிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பவன் நான்தான். அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.