சாணிக்கார் அண்ணையின் நேர்த்தி

வன்னி முழுவதிலும் வேகத்துக்கு ஆசைப்பட்ட ஒரே மனிதர் சாணிக்கார் அண்ணைதான். மற்ற எல்லோரும் நடந்துகொண்டிருந்தோம். போர்க்காலத் தடையில் எண்ணெய் இல்லாமல் அரிசி ஆலையைப் பூட்டியதால் என் வேலையும் போய், முள்ளியவளையை விட்டு வவுனியாப் பக்கம் நடந்த வழியில்தான் அவருடைய கொட்டிலைக் கண்டேன்.

உள்ளே, ஒருகாலத்தில் கொழும்பில் பந்தயம் ஓடிய சிவப்புக் கார். அதன் கூரையில் உழவு இயந்திர ரியூப்புகள் கொழுத்துப்போய் அடுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அவற்றுக்குள் இருந்தது காற்றல்ல, சாணிக் குழியில் பிடித்த எரிவாயு, காஸ். மேலே விமானத்தில் பறப்பவனுக்குக் குண்டு மாதிரித் தெரியும் என்று அயலவர் சண்டை பிடித்ததால், தென்னோலை போட்டு மூடியிருந்தார்.

"கார் வைச்சிருக்கிறவங்கள் கிடைக்கிற மண்ணெண்ணெயிலைதானே ஓடுறாங்கள், அண்ணை?" என்று கேட்டேன்.

"இது பந்தய எஞ்சின், தம்பி. மண்ணெண்ணெய் விட்டால் உள்ளுக்கை சுத்தியலாலை அடிக்கிற மாதிரித் தட்டும். காஸ் எண்டால் பூனைக்குட்டி."

இரண்டு வருட வேலை அது. வற்றாப்பளை அம்மன் கோயில்வரை ஒரே மூச்சில் ஓடுவதாக நேர்த்தி வைத்திருந்தார். அன்றுதான் அந்த நாள். ஹெல்மெற்றோடு ஏறி இருந்தபோது ஞானம்மா அக்கா ஓடி வந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, வரம்பு கட்டிப் பிரித்த ஐந்து வரவை வயலைக் குத்தகைக்குச் செய்பவா.

"அண்ணை, கதிர் தள்ளுற நேரம். பம்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பயிர் பதராப் போச்செண்டால் மாரி வரைக்கும் பிள்ளையளுக்குச் சோறில்லை."

"அம்மனுக்கு என்ன சொல்லுறது, பிள்ளை?"

"அவாவுக்கு நான் சொல்லுறன். நீங்கள் இறங்குங்கோ."

அவர் இறங்கவில்லை. வயற்பக்கம் கையைக் காட்டினார். காஸை வீணாக்கக் கூடாதென்று, அவர் உள்ளே இருக்க அயலவரும் நானுமாக ஐந்து பேர் தள்ளினோம்.

கிணற்றடியில் ஒரு பின்சில்லை ஜாக்கியில் தூக்கி, ரயரைக் கழற்றி, றிம்மிலிருந்து பம்புக்குப் பெல்ற் மாட்டினோம். எஞ்சின் உறுமியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணை கியர் மாற்றினார். கோயில் பாதையில் வளைவு வரும் இடங்களில் ஸ்ரேறிங்கைத் திருப்பினார். யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் வரம்போரமாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரவை நிரம்பியபோது ரியூப்புகள் வற்றிச் சுருங்கின. அவர் மீற்றரைப் பார்த்தார். எட்டு மைல்.

"கோயிலைத் தாண்டிட்டன்," என்றார். ஹெல்மெற்றைக் கழற்றக் கொஞ்ச நேரம் எடுத்தார்.

மிச்சம் இரண்டு வரவை. பயிர் நாலு நாள் தாங்கும் என்றா அக்கா. அதற்குள் குழி நிரம்ப, ஊர்ச் சாணி முழுக்க வேண்டும்.

"தம்பி, வவுனியாவிலை ஏதும் அவசரமோ?" என்று அண்ணை கேட்டார்.

மறுநாள் விடியமுன் மாட்டுப்பட்டியில் வாளியோடு நின்றேன். எத்தனையோ வேலைகள் செய்திருக்கிறேன். ஒருவருடைய முகம் வாடிவிடக் கூடாதே என்று செய்தது அது ஒன்றுதான்.