சாவி ஆன்ல இருக்கட்டும், மாரி

நேத்து எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் நாலு மணிக்கு வெம்பக்கோட்டை பக்கம் ஒரு பொட்டல்ல நின்னு மூணு வெடி வெடிக்கணும். அதை இந்தூர்ல இருக்கிற ஒருத்தருக்கு வீடியோ கால்ல காட்டணும்.

அவ்வளவுதான். சிவகாசியில பட்டாசு கம்பெனி வச்சிருக்கிறவனுக்கு வெடி வெடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

சாதாரண வெடி இல்ல, பகல்ல விடுற ஷாட். மேல போய் அஞ்சு கலர்ல புகையா விரியும். வடக்க கல்யாண ஊர்வலத்துக்கு இப்போ இதைத்தான் கேக்குறாங்க. ஆறு மாசம் மண்டையை உடைச்சு, சாம்பிளுக்குன்னு மூணே மூணு செஞ்சிருந்தோம்.

இந்த ஆர்டர் வந்தா எங்க கம்பெனியில எட்டுப் பேருக்குத் தை மாசம் வரைக்கும் வேலை இருக்கும். வராட்டி, திங்கக்கிழமையில இருந்து அந்த எட்டுப் பேரும் ஆள் ஏத்த வர்ற வேற கம்பெனி வேனுல ஏறணும். முந்தாநாள் அவங்கள்ல ஒரு அக்கா, "என்ன மொதலாளி, திங்கக்கிழமை நம்ம வேனா, அடுத்தவுக வேனா?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க. அவங்க சிரிச்சிட்டுப் போயிட்டாங்க, எனக்குத்தான் சோறு இறங்கல.

சரக்கு வாங்குற அந்த இந்தூர் சேட்டு இருபது வருசமா சிவகாசிக்கு வந்துபோறவர். தமிழ் பேசுவார். அதுவும் நம்ம ஊர் தமிழ். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா, திருத்தங்கல்ல கடை வச்சிருக்கிறவர்னு நினைச்சுக்குவீங்க.

வீடியோ எடுத்து அனுப்புறேன்னுதான் முதல்ல சொன்னேன். அவர் ஒத்துக்கல.

"வீடியோ வேணாம். இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே செஞ்சு அனுப்புதாக. போன மாசம் ஒருத்தர் அனுப்புனதுல வெடி மயில் மாதிரி தோகை விரிச்சு ஆடுச்சு. சரக்கு வந்து பாத்தா புஸ்ஸுங்குது. நீங்க லைவ்ல காட்டுங்க."

இங்கதான் சிக்கல். சாம்பிள் வெடிக்க நாங்க போற பொட்டலைச் சுத்தி வீடு கிடையாது. வீடு இல்லாத இடத்துல டவருக்கு என்ன வேலை? போனைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சா ஒரு புள்ளி வரும், கீழ இறக்குனா அதுவும் போயிரும்.

என் பொண்டாட்டியோட தம்பி கயத்தாறு பக்கம் கரண்டு எடுக்கிற காத்தாடி கம்பெனியில வேலை பாக்குறான். டவர் இல்லாத காட்டுல நெட்டுக்கு அவங்ககிட்ட ஒரு சாட்டிலைட் டிஷ் இருக்கு. தாம்பாளம் அளவுக்குத் தட்டையா, கையில தூக்கிட்டுப் போற மாதிரி. ஆபீஸ்ல சொல்லிட்டு ஒரு நாளைக்குக் குடுத்தான்.

குடுக்கிறப்பவே தெளிவாச் சொன்னான்: "அத்தான், மேல வானம் நல்லாத் தெரியணும். கரண்டு மட்டும் நடுவுல போகக்கூடாது. போச்சுன்னா அது மறுபடி சாட்டிலைட்டைத் தேடிப் பிடிக்கப் பத்து நிமிசம் ஆகும்."

பொட்டல்ல கரண்டுக்கு எங்க போறது? ஜெனரேட்டர் கொண்டுவரவான்னு எங்க போர்மேன் சுப்பையா அண்ணன்கிட்ட கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். வெடி பக்கத்துல டீசல் மெஷினை ஓட்டலாமான்னு கேக்குறவனை ஒரு போர்மேன் எப்படிப் பார்க்கணுமோ அப்படிப் பார்த்தார்.

அப்போதான் எனக்கு அந்தப் பிரமாதமான யோசனை வந்துச்சு. மாரியோட எலக்ட்ரிக் லோடு வண்டி!

மாரி முன்னாடி பத்து வருசம் எங்க பட்டாசு லோடு ஓட்டினவன். இப்போ சொந்தமா கரண்டு வண்டி வாங்கி அச்சாபீஸ்களுக்கு காலண்டர் லோடு அடிக்கிறான். வண்டியிலயே பிளக் பாயிண்ட் வச்சிருக்கான். சாவி ஆன்ல இருந்தா பிளக்ல கரண்டு வரும். புகை இல்ல, சத்தம் இல்ல. வண்டி ஓடுதா நிக்குதான்னு காதை வச்சுக் கேட்டாலும் தெரியாது. இதை நான் அப்போ எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொன்னேன்.

மூணு மணிக்குக் கிளம்பினோம். பாதி வழியில சட்டைப் பையைத் தடவுறேன், போனைக் காணோம். கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதுன்னு தினமும் கேட்டுலயே வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போற பழக்கம். கிளம்பறப்ப வாங்க மறந்துட்டேன். வீடியோ கால் பேசக் கிளம்பினவன் போனை விட்டுட்டு வந்திருக்கேன்! அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

திரும்பிப் போய் வாங்கிட்டு வந்து, டிஷ்ஷை வண்டி மேல வச்சு, வயரைச் சொருகி, போனை ஸ்டாண்டுல மாட்டினேன். பத்து நிமிசத்துல நெட் வந்துருச்சு. சேட்டு முகம் பளிச்சுன்னு தெரிஞ்சது. மூக்குக் கண்ணாடியில இருந்த கீறல் கூடத் தெரிஞ்சது. உள்ளுக்குள்ள எனக்கு ஒரே குஷி. ஆர்டர் கையில வந்துட்ட மாதிரியே நின்னேன்.

சுப்பையா அண்ணன் தூரத்துல முதல் ஷாட்டை நட்டுட்டு, எப்பவும் போலக் குரல் குடுத்தார்: "பத்தவைக்கேன்!"

ஷாட் மேல போச்சு. பச்சை, ரோஸ், மஞ்சள்னு வானத்துல அப்படியே விரிஞ்சுது. ஆறு மாச உழைப்பு. எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

"பாத்தீகளா சேட்ஜி? அந்த ரோஸு கலையாம எம்புட்டு நேரம் நிக்குது பாருங்க"ன்னு ஆரம்பிச்சு, ஒரு நிமிசம் மூச்சு விடாமப் பேசினேன். சேட்டு வாயைப் பிளந்து பாத்துக்கிட்டே இருந்தார். அசந்துட்டார்னு நினைச்சேன்.

ஒரு நிமிசம் கழிச்சும் அதே மாதிரி வாயைப் பிளந்துகிட்டு இருந்தார். கண்ணு கூடச் சிமிட்டல.

வண்டிப் பக்கம் திரும்பினா, மாரி கையில சாவியோட நிக்கிறான்.

"ஏலே, ஏம்லே ஆஃப் பண்ணுன?"

"அண்ணன் பத்தவைக்கேன்னு சொன்னாகல்ல மொதலாளி" அப்படின்னான், நான் என்னமோ கேக்கக்கூடாததைக் கேட்ட மாதிரி.

பத்து வருசப் பழக்கம். பத்தவைக்கேன்னு சத்தம் கேட்டா வண்டியை ஆஃப் பண்ணணும். அவன் கை பண்ணிருச்சு. நான் அவனைத் திட்டின திட்டுல ரெண்டு காடை எந்திரிச்சுப் பறந்துச்சு.

மறுபடி பத்து நிமிசம். சேட்டு வந்தார். "வெடிச்சாச்சா?"ன்னு கேட்டார். சின்ன கோளாறு, இப்ப பாருங்கன்னேன். மாரியைச் சாவியை வண்டியிலயே விட்டுட்டு, அம்பது அடி தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொன்னேன். நின்னான்.

சுப்பையா அண்ணன் ரெண்டாவது சாம்பிளை எடுத்துக்கிட்டு வண்டியைத் தாண்டிப் போனார். நான் போனை வானத்துக்குத் திருப்பிக்கிட்டு இருந்தேன். "பத்தவைக்கேன்!" சத்தம் வந்துச்சு. ஷாட் போச்சு. முதல்ல போனதைவிட அழகு!

சேட்டு உறைஞ்சு போயிருந்தார். இந்தத் தடவை ஒரு கண்ணு மூடியிருந்துச்சு.

மாரி தூரத்துல கட்டின கையை அவிழ்க்காம, "மொதலாளி, நான் இல்ல"ன்னு கத்தினான்.

சுப்பையா அண்ணன் நிதானமா நடந்து வந்து, சட்டைப் பையில இருந்து வண்டிச் சாவியை எடுத்து என் கையில வச்சார். போற வழியில வண்டியில சாவி மாட்டியிருந்திருக்கு. உருவிப் பையில போட்டுட்டுப் போயிருக்கார்.

"அண்ணே, இப்பத்தான அவனை அந்தத் திட்டுத் திட்டினேன்?"

"திரி பத்தவைக்க முன்ன சாவி போர்மேன் பையில இருக்கணும்னு கேட்டுல போர்டு எழுதி வச்சது யாரு? போன வருசம் ஒருநா நான் மறந்துட்டேன்னு எம்புட்டுப் பேச்சுப் பேசுனீக?"

போர்டு எழுதினது நான்தான். சிவப்பு மையில, கொட்டை எழுத்துல. பேசினதும் நான்தான்.

கடைசி ஒண்ணு பாக்கி. நெட் திரும்பி வந்தப்போ சேட்டு குரல் மாறிப் போச்சு. இன்னும் அஞ்சு நிமிசம்தான் இருப்பேன், வேற வேலை கிடக்குன்னுட்டார். அந்த அக்காகிட்ட திங்கக்கிழமை எந்த வேனுன்னு நான் எந்த முகத்தோட சொல்றது?

இனி யாரையும் நம்பப்போறதில்லன்னு முடிவு பண்ணினேன். மாரியை நூறு அடி தள்ளி அனுப்பினேன். சுப்பையா அண்ணனை வண்டிக்கு எதிர்ப்பக்கமா சுத்திப் போகச் சொன்னேன். நானே டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்து, போனை ஜன்னல் வழியா வானத்தைப் பாத்துப் பிடிச்சேன்.

"யாரு வந்து சாவியைத் தொடுதாகன்னு பாக்கேன்"னு சத்தமாவே சொன்னேன்.

தூரத்துல சுப்பையா அண்ணன் குனிஞ்சார். "பத்தவைக்கேன்!"

ஷாட் மேல போச்சு. அஞ்சு கலரும் ஒரு சேர விரிஞ்சுது. நான் போனைப் பார்த்தேன். சேட்டு ஆடாம அசையாம இருந்தார்.

மாரியைப் பார்த்தேன். நூறு அடிக்கு அங்கன கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான். சுப்பையா அண்ணனைப் பார்த்தேன். ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தாங்க.

குனிஞ்சு என் வலது கையைப் பார்த்தேன். உள்ளங்கையில சாவி இருந்துச்சு.

எப்போ திருகினேன், எப்போ உருவினேன், சாமி சத்தியமா எனக்குத் தெரியாது.

டிஷ்ஷை எடுத்து வச்சுட்டுக் கிளம்பினோம். வண்டியில யாரும் பேசல. வண்டியும் பேசாது. அம்புட்டு அமைதியில ஊர் வந்து சேர்றது பெரிய கொடுமை.

மெயின் ரோட்டுக்கு வந்ததும் போன்ல டவர் வந்துச்சு. கூடவே சேட்டோட போனும் வந்துச்சு. எடுக்கவே மனசில்ல. எடுத்து, மூடி மறைக்காம நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூணாவது தடவை ஆஃப் பண்ணினது நான்தான்னும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. மறுபடி கட்டாயிருச்சுன்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, மனுசன் சிரிக்கிறார்.

"மத்தவுக அனுப்புன வீடியோ ஒண்ணுகூட நிக்கல, எல்லாம் நல்லா ஓடுச்சு. எல்லாம் பொய்யி. மூணு தடவையும் சரியா வெடிக்கிற நேரத்துல நின்னுருச்சுன்னா, இதை எந்தக் கம்ப்யூட்டரும் செஞ்சிருக்காது. பாதி ஆர்டரை இப்பவே போட்டுக்கோங்க. மீதியை அடுத்த வாரம் நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

பாதி ஆர்டர்னாலும் எட்டுப் பேருக்குத் தை வரைக்கும் எப்படியாச்சும் இழுத்துப் பிடிச்சுரலாம். ரோட்டோரத்துலயே வண்டியை நிறுத்தச் சொல்லி அந்த அக்காவுக்குப் போன் போட்டு, "திங்கக்கிழமை நம்ம வேன்தான்க்கா"ன்னு சொன்னேன். அவங்க, நல்லது மொதலாளின்னு சொல்லிட்டு, அடுப்புல ஏதோ இருக்குன்னு வச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் மச்சினன் கூப்பிட்டான். டிஷ் எப்படி இருந்துச்சு அத்தான், ஏதும் கோளாறு உண்டான்னு கேட்டான்.

"ஒரு குறையும் இல்லப்பா. ஆஃப் பண்ணினா உடனே ஆஃப் ஆயிருது."