வவுனிக்குளத்துக் கரையில் நான் அடித்த கூடாரம்

வவுனிக்குளத்துக் கரையில் கூடாரம் அடித்த முதல் பெண் நான்தான். இதை எந்தக் கல்லிலும் யாரும் வெட்டிவைக்கவில்லை. ஆனால் இத்தனை வருடங்களில் எவரும் மறுத்ததும் இல்லை. அந்தக் கூடாரம் காலை பத்து மணிக்கு எழுந்து பின்னேரம் நாலரைக்கு விழுந்துவிட்டது என்பதும், விழும்போது நான் அதற்குள்ளே இருந்தேன் என்பதும் உண்மை. பெருமை பேசுகிறவர்கள் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட வேண்டுமென்று சட்டம் இல்லை. நான் நேர்மையானவள், சொல்லிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவள், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டப் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் பெற்று வந்திருந்தேன். குளத்தைத் திருத்தி, காடு வெட்டி, காணி பிரித்துக் கொடுத்த புதிது. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து நெல் விதைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். காலையில் மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துவிட்டு, விறகு பொறுக்கிப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் வருவார்கள்.

பயிற்சிக் கல்லூரியில் நான் பெண் சாரணியர் படையில் இருந்தேன். முகாமிடுவதில் தேர்ச்சி பெற்றதற்காக ஒரு சின்னம்கூட வைத்திருந்தேன். கூடாரத்தின் படம் போட்ட வட்டமான துணி. (கல்லூரிப் புல்தரையில் தோட்டக்காரர் முளை அடித்துத் தந்த கூடாரத்துக்குள் ஒரு மத்தியானம் இருந்து அவித்த கடலை சாப்பிட்டதற்காகக் கிடைத்தது. இதை அப்போது நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.)

ஒருநாள் எங்கள் தலைமை ஆசிரியர், "பெட்டையளுக்கு ஒரு சாரணியர் படை தொடங்கினால் நல்லது. ஆருக்கெண்டாலும் அனுபவம் இருக்கோ?" என்று கேட்டார். நான் யோசிப்பதற்கு முன்னமே என் கை எழுந்துவிட்டது.

பன்னிரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். நீலச் சட்டை தைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கடிதம் வந்தது: யாழ்ப்பாணத்திலிருந்து சாரணியர் ஆணையாளர் அம்மா ஒருவர் வந்து எங்கள் முகாமைப் பார்ப்பாராம். திருப்தி என்றால் படையைப் பதிவு செய்து கொடி தருவார்கள். இல்லையென்றால் கொடியும் இல்லை, படையும் இல்லை.

பெற்றோர் கூட்டத்தில் சிவபாக்கியம் என்ற பிள்ளையின் தகப்பன் எழுந்து மரியாதையாகக் கேட்டார். "ரீச்சர், இதுகள் விடிஞ்சால் பொழுதுபட்டால் காட்டுக்கைதான் நிக்குதுகள். பிறகேன் காட்டுக்கை கூட்டிக்கொண்டு போறியள்?"

"இயற்கையோடு பழகுவதற்கு" என்றேன். எனக்கு அதிகாரம் வந்தால் கூடவே புத்தகத் தமிழும் வந்துவிடும்.

அவர் ஒன்றும் விளங்காமல், ஆனால் நல்ல மனத்தோடு தலையாட்டிவிட்டு அமர்ந்தார்.

ஆவணி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, வேறொரு பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய பெரிய காக்கிக் கூடாரத்தை மாட்டு வண்டிலில் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போனோம். கோடையில் குளம் பாதிக்கு வற்றிக் கிடந்தது. நீர் இறங்கிய இடமெல்லாம் புல். அந்தப் புல்லுக்கு நடுவே, கூட்டித் துடைத்த முற்றம் போல மொட்டையாக, சமதரையாக, நீர்விளிம்புவரை அகலமாக ஓர் இடம் தெரிந்தது. எனக்காகவே யாரோ ஒதுக்கிவைத்தது போல இருந்தது.

"இதுதான் எமது முகாம்" என்றேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினாலு வயதுச் சிவபாக்கியம்தான் வாய் திறந்தாள். "ரீச்சர், இதிலை ஏன் புல்லு இல்லையெண்டால்..."

"முகாமுக்கு இடம் தெரிவு செய்வது தலைவியின் பொறுப்பு" என்றேன். நான் வைத்திருந்த சாரணியக் கைநூலில் அப்படித்தான் இருந்தது. கடல் கடந்து வந்த புத்தகம். அதிலிருந்த படத்தில் கூடாரத்துக்குப் பக்கத்தில் ஒரு முயல் நின்றது. முயலைத் தவிர வேறு எந்த விலங்கையும் அந்தப் புத்தகம் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

அன்று பகல் முழுவதும் நான் அவர்களுக்குப் பாடம் நடத்தினேன். நெருப்பு மூட்டுவது எப்படி என்று காட்டினேன். அரைப் பெட்டி நெருப்புக்குச்சி முடிந்தது. பிள்ளைகள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒரு சின்னப்பிள்ளை நான் அடுக்கிய விறகை மற்றப் பக்கம் திருப்பிவைத்து ஒரே குச்சியில் பற்றவைத்துவிட்டு, "உங்கடை குச்சியள் நனைஞ்சு போச்சுது போலை, ரீச்சர்" என்று என் மானத்தைக் காப்பாற்றினாள்.

"ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. முதலை இருக்கும்" என்று எச்சரித்தேன்.

"ஓம் ரீச்சர், ஒண்டு கிடக்கு. ஆனால் அது அங்காலை, தண்ணி திறந்துவிடுற துருசடியிலைதான் கிடக்கிறது. இஞ்சாலை வாறேல்லை" என்றாள் சிவபாக்கியம், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போல.

முடிச்சுகளும் படிப்பித்தேன். பிறகு விசில். ஒரு நீண்ட விசில் என்றால் கவனி. மூன்று நீண்ட விசில் என்றால் என்ன வேலை செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவந்து வரிசையில் நிற்க வேண்டும். தலைவி சொல்லும்வரை அசையக் கூடாது. பத்துத் தடவை பழக்கினேன். பத்தாவது தடவை பட்டாளம் தோற்றுப்போகும் அளவுக்கு நின்றார்கள்.

பின்னேரம் நாலேகாலுக்குக் குளக்கட்டில் தூசி எழும்பியது. ஆணையாளர் அம்மாவின் கார். நான் இன்னும் அழுக்குச் சேலையோடு நின்றேன். "தேநீருக்குத் தண்ணீர் வையுங்கள்" என்று சொல்லிவிட்டு நீலச் சேலையை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் ஓடினேன். வாசலை உள்ளேயிருந்து ஆறு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். ஆறும் அருமையான முடிச்சுகள்.

சேலையை உடுத்து, சின்னத்தைக் குத்திக்கொண்டிருந்தபோதுதான் நிலம் அதிர்ந்தது. அதோடு ஒரு மணிச் சத்தம். மரமணி. கடகடவென்று அது கிட்ட வந்தது.

சிவபாக்கியம் காலையில் சொல்ல வந்ததும் நான் சொல்லவிடாததும் இதுதான்: ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு பட்டி எருமை அந்த வழியால்தான் தண்ணீருக்கு இறங்கும். எண்பது எருமைகள் நாள்தோறும் மிதித்ததால்தான் அந்த இடத்தில் புல் இல்லை.

கார்க்காரர் எருமைகளைக் கண்டு பயந்து ஹோர்ன் அடித்தார். நடந்து வந்த எருமைகள் அதன் பிறகு ஓடி வந்தன. நான் வாசலுக்குப் பாய்ந்து முடிச்சுகளை அவிழ்க்கப் பார்த்தேன். அவிழவில்லை. (தேர்ச்சி பெற்றவள் போட்ட முடிச்சு அவிழுமா?) வேறு வழி தெரியாமல் கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து முழுப் பலத்தோடும் ஊதினேன். பதற்றத்தில் மூன்று தடவை. நீளமாக.

என் பிள்ளைகள் நான் பழக்கியபடியே செய்தார்கள். கேத்தலைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரே வரிசையில், நெஞ்சை நிமிர்த்தி, அசையாமல் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மணி கட்டிய தாயெருமையின் கொம்பில் கூடாரத்துக் கயிறு மாட்டியது. வெடித்த களிமண்ணில் நான் அறைந்த முளைகள் பிட்டில் குத்திய ஈர்க்குப் போலக் கழன்று வந்தன. கூடாரம் என்மேல் விழுந்து என்னைச் சுற்றிக்கொண்டது. பிறகு கூடாரமும் நானும் குளத்தை நோக்கிப் புறப்பட்டோம்.

எவ்வளவு தூரம் இழுபட்டேன்? நான் இருபது கெஜம் என்பேன். பார்த்தவர்கள் ஏழு என்கிறார்கள். முழங்காலளவு சேற்றில் போய் நின்றபோது எனக்குக் காக்கித் துணியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சுற்றிவர எருமைகளின் மூச்சு. துருசடி முதலையின் ஞாபகமும் வந்தது. அன்றைக்கு மட்டும் இஞ்சாலை வர நினைத்திருந்தால்?

அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது. "பா... பா... நில்லடி, நில்லு!" சிவபாக்கியம் வரிசையை உடைத்துக்கொண்டு ஓடிவந்து தாயெருமையின் கொம்பைப் பிடித்திருந்தாள். கயிறு தளர்ந்தது. அவள் திரும்பி மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினாள். "ஏன் மரம் மாதிரி நிக்கிறியள்? அங்காலை ஆறு பேர், இஞ்சாலை அஞ்சு பேர். சாய்ச்சுக்கொண்டு போங்கோ! துரத்தாதேங்கோ, மெல்லமாய்ச் சாய்ச்சு விடுங்கோ!"

ஒரு விசிலும் இல்லை. பதினொரு பேரும் எண்பது எருமைகளை என்னைச் சுற்றி இரண்டாகப் பிரித்துத் தண்ணீருக்குக் கொண்டுபோனார்கள்.

பிறகு துணிக்கு மேலே ஒரு கை தட்டியது. "ரீச்சர், உங்கடை தலை எந்தப் பக்கம்?"

"இஞ்சை, இஞ்சை!" என்று கத்தினேன். புத்தகத் தமிழ் எங்கோ போய்விட்டது.

அவள் இடுப்பில் செருகியிருந்த சத்தகத்தை, வீட்டில் ஓலை வார்க்கிற அந்தச் சின்னக் கத்தியை எடுத்துத் துணியை நீளமாகக் கிழித்தாள். புதிதாய்ப் பிறந்த கன்று போலத் தலை முதலாகச் சேற்றோடு வெளியே வந்தேன். நான் எழுந்து நிற்பதற்குள் அவள் கண்கலங்கிச் சொன்னாள்: "ரீச்சர், நீங்கள் சொல்லாமல் லைனை விட்டு வந்திட்டன். குறை நினையாதேங்கோ."

இந்த வயதிலும் அந்த வசனத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வராது.

ஆணையாளர் அம்மா குளக்கட்டிலிருந்து இறங்கி வந்தார். வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி, கையில் குடை. என்னை மேலும் கீழும் பார்த்தார். நீலச் சேலை மண்சேலையாகியிருந்தது. சின்னம் மட்டும் தோளில் அப்படியே இருந்தது.

"நீங்களோ தலைவி?"

"ஓம், அம்மா."

அவர் எருமைகளுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையளை இப்பிடி ஆர் பழக்கினது?"

அவர் குரலில் கோபம் இல்லை, வியப்புத்தான் இருந்தது. 'நான்தான்' என்று ஒரு சொல் சொன்னால் கொடி கிடைக்கும். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் சிவபாக்கியம் கிழிந்த துணியைப் பிடித்தபடி, இன்னும் என் மன்னிப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"நான் பழக்கினது வரிசையிலை நிக்க மட்டுந்தான், அம்மா. அதாலை நான் செத்திருப்பன். மிச்சமெல்லாம் அவையளுக்கு முதலே தெரியும். இந்த இடம் வேண்டாமெண்டு இந்தப் பிள்ளை காலமையே சொல்ல வந்தவள். நான்தான் விடேல்லை."

கொடி போய்விட்டது என்றே நினைத்தேன். ஆணையாளர் அம்மா சிவபாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "அப்ப எங்கை அடிச்சிருக்க வேணும்?"

அவள் கரையில் ஒரு பாலைமரத்து மேட்டைக் காட்டினாள். "அதிலை நிழல் இருக்கு, காத்து இருக்கு. எறும்புப் புத்து இல்லை. எருமை மேட்டிலை ஏறாது."

"அப்ப அடியுங்கோ பாப்பம்."

அரைமணி நேரத்தில் கிழிந்த கூடாரம் கிழிசல் தைக்கப்பட்டு அந்த மேட்டில் நின்றது. அடுப்பு எரிந்தது. தேத்தண்ணியும் பயத்தம்பணியாரமும் வந்தன. நான் ஒன்றிலும் கை வைக்கவில்லை. வைக்க விடவில்லை என்பதுதான் சரி. "நீங்கள் இருங்கோ ரீச்சர், களைச்சுப் போனியள்" என்று ஒரு மரக்குற்றியில் இருத்திவிட்டார்கள்.

அம்மா புறப்படும்போது நான் என் தோளிலிருந்த சின்னத்தைக் கழற்றப் போனேன். ஆணையாளர் அம்மா தடுத்தார். "கழட்டாதேங்கோ. அடுத்த வருஷமும் வருவன். அதுக்கிடையிலை இந்தப் பிள்ளையிட்டைப் படிச்சு, அந்தச் சின்னத்துக்கு உரிய ஆளாகிடுங்கோ."

கொடி அடுத்த மாதமே வந்தது. தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள் சிவபாக்கியம். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளிடம் பாடம் கேட்டேன்: காற்று எப்படிப் பார்ப்பது, காட்டில் எந்தத் தடம் எதனுடையது என்று. கடுமையான வாத்தியார். அடுத்த ஆவணியில் என் கூடாரம் மூன்று நாள் நின்றது. என் வாழ்க்கையில் நான் பெற்ற பட்டங்களுள் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தக் கதை எங்கள் வீட்டில் சாகவே மாட்டேன் என்கிறது. பாய் விரிக்க இடம் பார்த்தாலும், கலியாண மண்டபத்தில் கதிரை பிடித்தாலும் பிள்ளைகள் கேட்பார்கள்: "அம்மா, எருமை வாற வழியோ?" என் கணவர் ஒருபடி மேலே. மகன் ஓமந்தையில் வீடு கட்டக் காணி பார்த்தபோது எல்லாருமாகப் போனோம். நல்ல சமதரை. உறுதிப் பத்திரம் சரி, கிணறு சரி. இவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு காணிக்காரரிடம், "எல்லாம் சரி தம்பி, இதாலை எருமை போறதோ?" என்று கேட்டார். மகனும் மருமகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காணிக்காரர் தலையைச் சொறிந்தார். "பின்னேரத்திலை ஒரு பட்டி போறதுதான், ஐயா. அது உங்களுக்கு ஆர் சொன்னது?"

அந்தக் காணியை நாங்கள் வாங்கவில்லை. திரும்பி வரும்போது காரில் ஒருவரும் எருமைப் பகிடி விடவில்லை. நான் முன்னாசனத்தில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.